வியாழக்கிழமைக்கான இசைத்தட்டு

மதகுத் தெருவில் நாள் தானாக வருவதில்லை. வாரத்துக்கு ஒரு வீடு என்று முறை வைத்து, அந்த வீட்டார் ஞாயிறு காலையில் ஏழு இசைத்தட்டுகளைத் தெருச் சங்கத்தில் எழுதிக் கொடுத்து, அவற்றைத் தங்கள் கூடத்தில் சுழலவிடுவார்கள். தட்டு எப்படியோ நாளும் அப்படி. முதல் பக்கம் முற்பகல். பன்னிரண்டு மணிக்குத் திருப்பிப் போட்டால் பிற்பகல். தவில் வைத்த நாளில் தேங்காய்கள் உதிரும், இரண்டு கல்யாணமாவது நிச்சயமாகும். வீணை வைத்தால் எல்லாரும் சற்று வழுக்கியபடி நடப்பார்கள். ஒருமுறை கடைசி வீட்டு வங்கிக் காசாளர் சோம்பல்பட்டு ஏழு நாளுக்கும் ஒரே தட்டைக் கொடுத்துவிட்டார். தெரு முழுக்க ஏழு நாளும் ஒரே அவரைக்காய்ப் பொரியலைத் தின்றது.

பதினான்கு வருடம் கழித்து முறை குமுதவல்லிக்கு வந்தது. கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். வீட்டில் கட்டிலுக்கு அடியிலும் அரிசி டிரம்முக்குப் பின்னாலும் தட்டுகள்தான். இப்படி ஒரு வாரத்துக்காகத்தான் அவள் பட்டியல் போட்டுப் போட்டு அடித்துக்கொண்டிருந்தாள். ஆனால் அதே வாரம், வியாழக்கிழமை நாலரை மணி பஸ்ஸில், அவள் கணவர் தணிகாசலம் போளூரில் இருக்கும் தம்பி வீட்டுக்கே போய்விடுவதாக இருந்தார்.

"முப்பத்தோரு வருஷம், குமுதா. ஒரு நாளாவது இந்த வீடு சும்மா இருந்திருக்கா? தம்பி வீட்ல ரேடியோகூடக் கிடையாது. அவன் பொண்டாட்டிக்குப் பேசவே பிடிக்காதாம்."

"நல்ல பொண்ணு," என்றாள் குமுதவல்லி.

அவர் இல்லாமல் பாட்டுக் கேட்டு அவளுக்குப் பழக்கமில்லை. அடுத்த அறையிலிருந்து "நிறுத்தித் தொலை" என்று ஒரு குரல் வந்தால்தான் எந்த ராகமும் அவளுக்கு முடிந்த மாதிரி இருக்கும்.

ஞாயிறன்று சங்கச் செயலாளர் பாக்கியநாதன் நோட்டுப் புத்தகத்தோடு வந்தார். அவர் உட்காருவதற்குள் எதிர்வீட்டு சுலைஹா ஓடிவந்தாள்.

"அக்கா, புதன்கிழமை எங்க மாமியார் வர்றாங்க. சின்னத் தட்டா வைங்கக்கா. பத்தரைக்குள்ள பொழுது முடியணும்."

புதனுக்குச் சின்னத் தட்டு எழுதினாள். திங்களுக்கு நாகஸ்வரம், செவ்வாய்க்கு மழைப் பாட்டுகள், வெள்ளிக்கு வீணை. வியாழனுக்கு அவள் எழுதிய வயலின் தட்டில் இரண்டாம் பக்கம் காலி. கம்பெனிக்காரன் பதிய மறந்துவிட்டான். பிற்பகல் இல்லையென்றால் நாலரை இல்லை. நாலரை இல்லையென்றால் பஸ் இல்லை. அவள் கணக்கு அவ்வளவுதான்.

பாக்கியநாதன் தட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "பள்ளம் ஓடுதே மேடம்?"

"ஓடும். உள்ளே ஒண்ணும் இருக்காது."

"அப்ப என்ன மாதிரி மத்தியானம் வரும்?"

"வராது."

அவர் அப்படியே எழுதிக்கொண்டார்.

வியாழன் முற்பகல் வயலின் போல நீண்டு போயிற்று. தணிகாசலம் ஒரு சட்டையை மடிக்க நாற்பது நிமிடம் ஆனது. பன்னிரண்டு மணிக்குக் குமுதவல்லி தட்டைத் திருப்பிப் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

பிற்பகல் வந்துவிட்டது. சத்தம்தான் வரவில்லை. குக்கர் தன் குண்டைத் தூக்கியது, ஒன்றும் சொல்லாமல் இறக்கியது. புதன் பத்தரைக்கே முடிந்துபோனதால் ஊர் திரும்ப முடியாத மாமியாரும் சுலைஹாவும் வாசலில் வாயசைத்துச் சண்டை போட்டார்கள். இருவருமே ஜெயித்த முகத்தோடு உள்ளே போனார்கள். தணிகாசலம் பையோடு கூடத்துக்கு வந்தவர் நின்றார். தலையை ஒருபக்கம் சாய்த்தார். பிறகு பிளேயரை ஒட்டியிருந்த நாற்காலியில் உட்கார்ந்து, மின்விசிறி சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தைக் கல்யாணப் போட்டோவில்கூட அவள் பார்த்ததில்லை.

நாலரைக்கு பஸ் வந்தது. கண்டக்டர் கன்னம் உப்ப விசிலை ஊதினார். பஸ் போய்விட்டது. ஜன்னல் வழியாக அதைப் பார்த்த குமுதவல்லி பாத்திரத்தைக் கழுவப் போனாள்.

ஐந்து மணி சுமாருக்குத் தணிகாசலம் சொன்னார்: "காப்பி இருக்கா?"

காலிப் பள்ளத்தில் ஓடிக்கொண்டிருந்த ஊசி, பக்கத்தில் கேட்டதை அப்படியே பதிந்துகொண்டது. பதிந்ததால் தெருக்கோடிவரை கேட்டது. அந்தப் பிற்பகலில் மதகுத் தெருவில் இருந்த ஒரே சத்தம் அது. 'கா' பஞ்சமத்தில் சுத்தமாக நின்றதைக் குமுதவல்லி கவனித்தாள். இத்தனை வருடமாக அவரை யாரும் வாத்தியம் இல்லாமல் கேட்டதில்லை.

மறுநாள் காலை அவர் பையை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தால் வாசலில் தெருவே நின்றது.

"சார், நேத்து நீங்க பாடினது..." என்று பாக்கியநாதன் தொண்டையைச் செருமினார்.

"நான் எங்கய்யா பாடினேன்? காப்பி கேட்டேன்."

"அந்த அடக்கம்தான் சார்! எங்க மாமியார் அழுதுட்டாங்க," என்றாள் சுலைஹா.

"அவங்க எதுக்கெடுத்தாலும் அழுவாங்களா?"

"எங்க சார்! மாமா போனப்பகூட அழலை."

அடுத்த வாரம் ஏழு நாளும் சார்தான் என்று சங்கம் முடிவு செய்திருந்தது. காலித் தட்டுகள் வாங்க ஆள் போயாகிவிட்டது.  தணிகாசலம் பையோடு உள்ளே திரும்பி, அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார்.

"குமுதா! அந்த வீணையை நிறுத்து. சாதகம் பண்றவன் காதுல விழுதில்ல?"

வெள்ளிக்கிழமை பத்தே முக்காலுக்கு அப்படியே நின்றது. யாரும் குறை சொல்லவில்லை. குமுதவல்லி தன் தட்டுகளையெல்லாம் பழைய புடவையில் சுற்றிப் பரண்மேல் ஏற்றினாள். அவர் போகவில்லை. அறைக்குள்ளிருந்து "சோப்பு எங்கே, சோப்பு எங்கே" என்று மூன்று காலங்களில் கேட்டது. இரண்டாம் காலத்தில் சற்று ஓட்டம் பிடித்தார். அடுத்த செவ்வாய்த் தட்டுக்கு அதுதான். புதனுக்குக் கொட்டாவி, அதை இன்னும் விரிவாகச் செய்ய வேண்டும் என்று அவருக்கே ஒரு குறை.

திங்கள் காலை குமுதவல்லி கோலம் போட்டுக்கொண்டிருந்தபோது சுலைஹா கேட்டருகே வந்து மெதுவாகக் கூப்பிட்டாள்.

"அக்கா, உங்க இடது காது விடியறப்பவே எங்க வீட்டுக்கு வந்திடுச்சு. ரேடியோகிட்ட உட்கார்ந்து பாட்டுக் கேட்குது."

"தோட்டோட வந்திருக்கா?"

"தோட்டோடதான்."

"சரி, இருக்கட்டும்," என்றாள் குமுதவல்லி. "சாப்பாட்டு நேரத்துக்கு அனுப்பிடு."