ஆறாவது சீட்

பீப்ப்ப் என்று அலறியது எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி கேட்டில் இருந்த மெட்டல் டிடெக்டர்.

"ஏட்டி, சீக்கிரம் நகரு! பஸ் போயிரும்" என்று பின்னால் ஒருத்தி கத்தினாள்.

தங்கமாரியால் நகர முடியவில்லை. முதல் ஷிப்ட் முடிந்து மணி இரண்டேகால். மூன்றரைக்கு மறைமலை நகரில் எம்.சி.ஏ. நுழைவுத் தேர்வு. ஒரு நிமிடம் பிந்தினாலும் கதவை மூடிவிடுவார்கள். போன வருடம் ஓவர்டைம் வேலையில் மாட்டி அதைக் கோட்டை விட்டிருந்தாள். இந்த வருடமும் விட்டால் வீட்டில் கல்யாணம்தான்.

செக்யூரிட்டி கங்கம்மாள் அவள் இடுப்பைத் தடவி, நான்காய் மடித்த தாள்களை உருவினாள். ஓரத்தில் இரண்டு ஸ்டேப்ளர் பின்.

"இன்னாமா இது? துண்டு பேப்பர்கூட வெளிய எடுத்துக்கினு போவக்கூடாதுன்னு தெரியாதா?"

"பாடம்க்கா. புஸ்தகம் தலகாணி கணக்கா இருக்குன்னு ஒரு பாடத்த மட்டும் கிழிச்சு பின் அடிச்சேன். இன்னைக்குப் பரீட்சைக்கா."

"பாடத்துல எதுக்கு நம்ம லைன் பேரு கீது?"

அங்கேதான் மாட்டினாள்.

அது கணினி அல்காரிதம் பற்றிய புத்தகத்தில் ஓர் அத்தியாயம். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு அசெம்பிளி லைன்கள். ஒவ்வொரு சீட்டிலும் வேலைக்கு ஒரு நேரம். ஒரு லைனிலிருந்து மற்றதற்குத் தாவினால் கூடுதலாகச் சில நொடிகள். எந்த வழியில் போனால் பொருள் சீக்கிரம் முடியும்? புத்தகத்தின் எண்கள் தங்கமாரிக்கு மண்டையில் ஏறவே இல்லை. அதனால் தான் வேலை செய்யும் ஏ லைன், எதிரே இருக்கும் பி லைன் இரண்டின் நிஜ நேரங்களையும் பென்சிலால் எழுதிப் போட்டுப் பார்த்தாள். மூன்றே நாளில் பிடிபட்டுவிட்டது.

கம்பெனியின் நேரக் கணக்கு, அவள் கையெழுத்தில், அவள் இடுப்பில்.

செக்யூரிட்டி அறையில் உட்கார வைத்தார்கள். மின்விசிறி ஓடியும் வியர்த்தது. இரண்டே முக்காலுக்கு லைன் இன்ஜினியர் சங்கரநாராயணன் வந்தார். தாள்களை ஒரு நிமிடம்கூடப் பார்த்திருக்க மாட்டார்.

"எந்த ஊரும்மா?"

"சங்கரன்கோயில் பக்கம் சார்."

"நமக்குத் தென்காசி. இங்க பாரு, இதை ரிப்போர்ட்டா எழுதினா டேட்டா திருட்டு. ஹெச்.ஆர். வர அஞ்சு மணி ஆகும், அதுவரைக்கும் இங்கதான் கிடக்கணும். இல்லன்னா..." மேஜைமீது ஒரு மஞ்சள் தாளை வைத்தார். ஆப்பரேட்டர்கள் யோசனை எழுதிப் பெட்டியில் போடும் படிவம். "இதுல எழுதிக் குடு. அப்ப இது திருட்டு இல்ல, கம்பெனிக்காக நீ போட்ட கணக்கு. கேட் பாஸ் இப்பவே தாரேன். என் வண்டியிலயே கொண்டு விடச் சொல்லுதேன்."

தங்கமாரி பேனாவை எடுத்தாள். அவள் கணக்கின் விடை ஒரே வரிதான்: ஐந்தாவது சீட் முடிந்ததும் சர்க்யூட் போர்டை பி லைனுக்குத் தள்ளினால் பதினோரு நொடி மிச்சம்; ஏ லைனில் கடைசியான ஆறாவது சீட் தேவையில்லை.

ஆறாவது சீட்டில் சுகப்பிரியா. விடுதியில் இருவருக்கும் ஒரே அறை, பக்கத்துப் பக்கத்துப் பாய். காலையில் கிளம்பும்போது தலை பின்னிவிட்டவள் அவள்தான்.

"சார், சுகப்பிரியாவை..."

"வேற லைன் பார்த்துக்கலாம். மணி என்ன ஆகுது பாரு."

இரண்டு ஐம்பத்தொன்று.

எழுதினாள். எழுத்து கோணலாய் வந்தது. கீழே பெயர், டோக்கன் நம்பர், கையெழுத்து. அவர் மஞ்சள் தாளை நிதானமாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கேட் பாஸை நீட்டினார்.

வாங்கியவள் வாசலில் நின்றாள்.

"சார், நான் மூணு நாளா முட்டி மோதிப் போட்ட கணக்கு. சரியான்னு ஒரு நிமிஷத்துல எப்படி சார் பார்த்திய?"

"இதே கணக்கை நான் போட்டு மூணு மாசம் ஆச்சும்மா. ஆளைக் குறைக்கணும்னு நான் நீட்டினா நீங்க அத்தனை பேரும் ஸ்ட்ரைக்னு ரோட்ல உக்காந்திருப்பீங்க. உங்கள்ல ஒருத்தி கையெழுத்துதான் கிடைக்காம இருந்துச்சு."