நிமிர்ந்தால் அடி

மாடு காட்டில் மேய வேண்டுமானால், காடு எரியும்போது வீட்டுக்கு ஓர் ஆள் வந்து அணைக்க வேண்டும். மலைமேல் குண்டனி நாட்டில் எங்களுக்கு அதுதான் சட்டம். போட்டவன் அரை நாள் குனிந்து பார்த்திருந்தால் போட்டிருக்க மாட்டான்.

தண்ணீரெல்லாம் கிடையாது. பச்சைக் கொப்பை ஒடித்துக்கொண்டு, வரிசையாகக் குனிந்து, புல்லில் ஓடும் தீயை அடித்துக்கொண்டே போக வேண்டும். ஒருவன் நிமிர்ந்தாலும் அந்த இடைவெளியில் தீ தாண்டிவிடும் என்பார் பாரஸ்ட் கார்டு அர்த்தனாரி. பிரம்போடு பின்னால் நடந்து, நிமிர்ந்தவன் முதுகில் விளாசுவார்.

ஐம்பத்தெட்டாம் வருஷம் பங்குனியில் மூன்று நாள் எரிந்தது. இரண்டாம் நாள் என் தம்பி சின்னக்கண்ணு இடுப்பு தாங்காமல் நிமிர்ந்தான். கார்டு அவனைக் கீழே தள்ளி, அந்த இடுப்பையே பூட்ஸ் காலால் மிதித்தார். சாயங்காலம் அவன் மூத்திரத்தில் ரத்தம் போனது. நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். என் வீரம் அவ்வளவுதான்.

நாளைக்கு வராதே என்றேன்.

"மாட்டக் காட்டுல உடமாட்டாங்கண்ணா. வாரேன். இனி தலையத் தூக்க மாட்டேன், அவ்வளவுதான்" என்றான்.

மூன்றாம் நாள் நான் வரிசையின் மேல்முனையில், அவன் கீழ்முனையில். உச்சிப்பொழுதில் என் இடுப்பு பிடித்துக்கொண்டது. நிமிர்ந்தேன். நிமிர்ந்ததால்தான் பார்த்தேன்: காற்று திரும்பி, பின்னால் பள்ளத்திலிருந்து தீ ஏறிக்கொண்டிருந்தது. குனிந்திருந்த பன்னிரண்டு பேருக்கும் அது தெரியாது.

"ஏனுங்க, பின்னால ஏறுதுங்க. எல்லாரையும் மேல ஓடச் சொல்லுங்க."

கார்டு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இடுப்பு வலிக்கு இது புதுச் சாக்கா என்று கேட்டு என் முகத்தில் பிரம்பை வீசினார். உதடு கிழிந்தது. வரிசையைப் பார்த்துக் கத்தினேன். தீயின் இரைச்சலில் என் குரல் எடுபடவில்லை.

கொப்பை எறிந்துவிட்டு, கிடந்த கட்டையை எடுத்து அவர் தோளில் போட்டேன். எலும்பு முறிந்தது கையில் தெரிந்தது. அவர் அலறிய அலறலில் பக்கத்தில் நின்றவர்கள் நிமிர்ந்தார்கள், அவர்களைப் பார்த்து மற்றவர்கள் நிமிர்ந்தார்கள். நெருப்பைக் கண்டதும் மேலே ஓடினார்கள்.

அப்போதே நான் தம்பியிடம் ஓடியிருக்க வேண்டும். ஆத்திரம் விடவில்லை. அவன் இடுப்பை மிதித்த காலில் ஒன்று, முட்டியில் ஒன்று, வாயில் ஒன்று. யாரோ என்னைத் தள்ளிவிட்டு அவரை இழுத்துக்கொண்டு போனார்கள்.

திரும்பிப் பார்த்தேன். கீழ்முனையில் ஒருவன் மட்டும் குனிந்து அடித்துக்கொண்டிருந்தான். ஓட முயன்றேன், இடுப்பு மடங்கி விழுந்தேன். கையை ஊன்றித் தவழ்ந்தேன். எங்களுக்கு நடுவில் தீ புகுந்துவிட்டது.

கார்டின் அலறல் அவன் காதிலும் விழுந்திருக்கும். யாரோ அடி வாங்குகிறான், அடுத்தது நாம்தான் என்று நினைத்திருப்பான். நான் அடிக்க அடிக்க, அவன் இன்னும் குனிந்தான்.