கழுத்தில் கிடந்த காசு

இங்கிலாந்தின் நார்ஃபக் பகுதியில் ஓர் ஊர் நூலகத்தின் மூலை மேசையில் சனிக்கிழமைதோறும் ஹிலரி உட்கார்ந்திருப்பார். உழுத வயல்களில் மெட்டல் டிடெக்டரோடு அலைகிறவர்கள் புகையிலை டப்பாவில் காசு கொண்டுவருவார்கள். எந்த அரசன், எந்தக் காலம் என்று அவர் பார்த்துச் சொல்வார். அன்று லாரி ஓட்டும் ரஸலின் முறை வந்தது.

"போன தடவை பீர் மூடியைக் காட்டி ரோமர் காசுன்னீங்க. இன்னைக்கு என்ன?"

"இன்னைக்கு அசல்தாங்க."

விரல்நகம் அளவுச் செப்புக்காசு.

"எங்க எடுத்தீங்க?"

"சர்ச் பக்கத்து வயல்ல."

பொய். எடுத்தது ஆற்றோரம், தர்க்கெட்டல் என்ற விவசாயியின் வயலில், அவரைக் கேட்காமல். திங்கட்கிழமை அங்கே வடிகால் குழாய் பதிக்க இயந்திரம் வருகிறது. அதற்குள் இன்னொரு சுற்றுப் போகலாம் என்பது ரஸலின் கணக்கு.

ஹிலரி பூதக்கண்ணாடியை அவன் பக்கம் தள்ளினார். அரசன் தலைக்கு மேல் ஓர் ஓட்டை. அதன் மேல்விளிம்பு மட்டும் மழுமழுவென்று தேய்ந்திருந்தது.

"கயிறு உரசினது. இது ரோமர் காசுதான். ஆனா செல்லாம போயி இருநூறு வருஷம் கழிச்சு, யாரோ ஒரு பொண்ணு கண்டெடுத்து ஓட்டை போட்டிருக்கா போல. காலமெல்லாம் கழுத்துல போட்டிருக்கா." ஹிலரியின் குரல் தணிந்தது. "இந்த மாதிரி காசு சவக்குழியிலதான் அதிகம் கிடைக்கும். கூட பாசிமணி ஏதாவது இருந்துச்சா?"

ரஸல் காசையே பார்த்தான். நீலக் கண்ணாடி மணி ஒன்று இருந்தது. கண்ணாடிக்கு டிடெக்டர் கத்தாது. குழியிலேயே போட்டு மூடிவிட்டான். வேர் என்று பிடுங்கி எறிந்த பழுப்புக் குச்சியும் இப்போது நினைவுக்கு வந்தது; அது எலும்பு. அவனைப்போலவே பழைய காசு பொறுக்கிய ஒருத்தி. அவள் கழுத்திலிருந்துதான் இதை எடுத்திருக்கிறான்.

"சர்ச் வயல் இல்லைங்க. தர்க்கெட்டல் வயல். சொல்லாம புகுந்தேன். திங்கட்கிழமை மெஷின் வருது."

ஹிலரி திட்டவில்லை. தர்க்கெட்டலின் எண்ணை அழுத்திப் போனை அவனிடமே நீட்டினார். அவன் தட்டுத்தடுமாறிச் சொல்லி முடித்தான்.

"என் நிலத்துல உனக்கு என்னடா வேலை, திருட்டுப் பயலே?" தர்க்கெட்டலின் குரல் மேசையைத் தாண்டிக் கேட்டது. பிறகு குரல் இறங்கியது. "பொம்பளையோட சவக்குழியா? சரி, மெஷினை நிறுத்துறேன். உன்னை இனி வேலிக்குள்ள பார்த்தா டிராக்டரை ஏத்துவேன்."

வரிசையில் பின்னால் நின்ற ஓர் ஆள் சிரித்தான். "நல்ல வயலைக் கோட்டை விட்டியே. வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்ல?"

ரஸல் திரும்பினான்.

"காசுல ராஜா பேரு இருக்கு. அவ பேரு எதுலயும் இல்ல. அவ இருந்தாங்கிறதுக்கு அந்த இடம் ஒண்ணுதான் சாட்சி. எடுத்த இடத்தை மாத்திச் சொன்னா, அவளை நாமளே இல்லாம ஆக்கிடுறோம்."