ககன் மறையும்வரை

இத்தில் என்ற தலைநகரத்தில் பேரரசர், ககன் எல்பார், தெய்வம் மாதிரி. அதாவது, பூட்டி வைத்திருந்தார்கள். நாட்டை உண்மையில் ஆண்டது பெக் என்ற தளபதிப் பட்டம் கொண்ட எப்ராயிம். படை, வரி, தீர்ப்பு எல்லாம் அவன் கையில். அரண்மனை மோசேயின் யூத வேதத்துக்கு மாறியதும் மேய்ச்சல் குலங்கள் தங்கள் பழைய தெய்வமான வானதேவன் பெயரைச் சொல்லிக் கலகத்தில் இறங்கின. வேதம்தான் காரணமா, பெக் பிடுங்கிக்கொண்ட புல்வெளிகளா? எல்பாருக்கு யோசித்து யோசித்து அலுத்துவிட்டது. கலகத்தின் தலைவன் தோங்கா, அவரோடு ஒரே செவிலியிடம் பால் குடித்தவன். அவன் உயிர் தப்பினால் போதும் என்றிருந்தது அவருக்கு.

"நீங்க குதிரைல வந்து நின்னா போதும் சாமி," என்றான் பெக். "விழுந்து கும்பிடுவானுங்க. அப்புறம் நான் பேசி முடிச்சிடறேன்."

"தோங்காவ ஒண்ணும் பண்ணக் கூடாது."

"நான் என்ன கசாப்புக்காரனா?"

ககனைக் கண்டால் குலத்தார் குப்புற விழ வேண்டும். அவர் கண்ணைவிட்டு மறையும்வரை தலை தூக்கக் கூடாது. வானதேவன் வகுத்த வழக்கம் அது. அந்தத் தேவனுக்காகவே வில்லெடுத்தவர்கள் அதை மீறுவார்களா? ஆற்றங்கரைப் புல்வெளியில் எல்பாரைக் கண்டதும் குதிரைகளிலிருந்து இறங்கி, மொத்தமாகப் புல்லில் விழுந்தார்கள்.

பெக்கின் ஆட்கள் கூலிக்கு வந்த அயலார். அவர்களுக்கு எந்த வழக்கமும் இல்லை. வாளை உருவிக்கொண்டு முன்வரிசைக்குள் இறங்கினார்கள்.

"எழுந்திருங்கடா!" என்று கத்தினார் எல்பார். ஒருவனும் அசையவில்லை.

புல்லில் முகம் புதைத்தபடியே தோங்கா சொன்னான்: "நீ நிக்கறப்ப எப்படிண்ணே எழறது? சீக்கிரம் போயிடு."

எல்பார் குதிரையைத் திருப்பப் பார்த்தார். கடிவாளம் பெக்கின் பிடியில் இருந்தது.

"கொஞ்சம் பொறுங்க சாமி, முடிஞ்சிடும்."

எல்பார் குதிரையிலிருந்து சரிந்து இறங்கி ஓடினார். பட்டு அங்கி காலைத் தடுக்கியது. தரையில் நடந்தே எத்தனையோ வருடங்கள் ஆகியிருந்தன. வேதமும் வேண்டாம், வானதேவனும் வேண்டாம், அவர்கள் கண்ணிலிருந்து மறைய, ஆற்றோரப் பள்ளம் மட்டும் கிட்டே வந்தால் போதும். அழுதுகொண்டே ஆற்றங்கரை நாணலுக்குள் உருண்டு விழுந்தார். அதற்குப் பிறகுதான் பின்னால் ஆட்கள் எழும் சத்தமும், குதிரைகள் ஓடும் சத்தமும் கேட்டன. தோங்காவின் குரல் கேட்கிறதா என்று சேற்றில் கிடந்தபடி காது கொடுத்தார்.

சத்தமெல்லாம் ஓய்ந்தபின் கரைமேல் பெக் வந்து நின்றான். வாளைப் புல்லில் துடைத்தான்.

"வாங்க சாமி, போலாம். பாதிப் பேர் ஓடிட்டானுங்க. தோங்கா மட்டும் கடைசிவரைக்கும் தலையே தூக்கல. உங்க மேல அவனுக்கு அவ்வளவு மரியாதை."