காது டாக்டரின் ஹிட் பாட்டு

காது, மூக்கு, தொண்டை மூன்றுக்கும் அவர்தான் மருத்துவர் என்றாலும், எல்லோருக்கும் அவர் காது டாக்டர். பள்ளிகளுக்குப் போய்ப் பிள்ளைகளிடம் காதைப் பற்றிப் பேச வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. முதல் முறை போனபோது உள்காதின் படத்தைத் திரையில் பெரிதாகக் காட்டி, ஒலி நரம்புக்குப் போகும் வழியைப் பொறுமையாக விளக்கினார். வகுப்பே கொட்டாவி விட்டது. ஏதாவது கேள்வி உண்டா என்றதற்கு ஒருவன் எழுந்து, "மேம், பெல் அடிச்சிடுச்சா?" என்றான்.

வீட்டுக்கு வந்து தம்பியிடம் புலம்பித் தீர்த்தார். தம்பிக்கு ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை.

"நத்தை மாதிரி ஒரு படத்தைக் காட்டினா யாரு கேப்பாங்க, அக்கா? அவங்க காதுல எப்பப் பாரு பாட்டு ஓடுது. அதுலேர்ந்து ஆரம்பி."

"நான் என்னடா, பாடவா முடியும்?"

"ஐயோ, நீ பாடினா இருக்கிற காதும் போயிடும். நான் ஒண்ணு பண்ணித் தரேன்."

அப்போது எங்கே திரும்பினாலும் ஒரே பாட்டுத்தான். பேருந்தில், சலூனில், பக்கத்து வீட்டுச் சமையலறையில். தம்பி அதையே எடுத்துக்கொண்டான். அதிக சத்தத்தால் நொந்துபோன காதுக்கு முதலில் எந்த ஒலிகள் எட்டாமல் போகும் என்று அக்கா சொல்லச் சொல்ல, அவற்றை ஒவ்வொன்றாகக் குறைத்தான். தாளத்தோடு வந்த சலங்கை மறைந்தது. பாடகியின் உச்சரிப்பு மழுங்கியது. கடைசியில், தலையணைக்கு அடியிலிருந்து யாரோ பாடுவது போல இருந்தது.

மறுபடியும் அதே பள்ளி, அதே வகுப்பு. இத்தனை படித்துவிட்டு ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு வருகிறோமே என்று டாக்டருக்கு உள்ளூரக் கூச்சம்தான். பாட்டின் முதல் அடி கிளம்பியதும் பிள்ளைகள் மேசையைத் தட்டிக் கூடவே பாடினார்கள். அது முடிந்ததும் தம்பி செய்து தந்ததைப் போட்டார்.

"மேம், ஸ்பீக்கர் அவுட்டு!"

"ஸ்பீக்கர் நல்லாத்தான் இருக்கு. கெட்டுப்போன காதுக்கு இந்தப் பாட்டு இப்படித்தான் கேக்கும். எதெது காணாமப் போச்சு, சொல்லுங்க?"

"அந்த ஜல்ஜல்!" என்று பல குரல்கள் ஒன்றாகக் கத்தின.

ஜன்னலோரம் இருந்த மாணவி ஒருத்தி எல்லோரும் என்ன சொன்னார்கள் என்று பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டு, மெல்ல எழுந்தாள். "எந்த ஜல்ஜல், மேம்? ரெண்டுலயுமே அப்படி ஒண்ணும் இல்லையே."

வகுப்பு சிரித்து உருண்டது. "என்னாது ஆரம்பிச்சுட்டாடா!" எதைச் சொன்னாலும் "என்னாது?" என்று திருப்பிக் கேட்பதால் அவளுக்கு அதுவே பட்டப்பெயர். டாக்டருக்குச் சிரிப்பு வரவில்லை. பேச்சை முடித்துவிட்டு அவளை நடைபாதைக்குத் தனியாக அழைத்தார்.

"வேணும்னு சொல்லல மேம். நிஜமாவே எனக்குக் கேக்கல."

"நம்பறேம்மா. அம்மாவைக் கூட்டிக்கிட்டு நாளைக்கே வா."

அன்று மாலை முழுவதும் அவருக்கு மனம் ஒரு நிலையில் இல்லை. நரம்பு போயிருந்தால் திரும்ப வராது. அதை அந்தச் சின்னப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது?

மறுநாள் கருவியை வைத்துக் காதுக்குள் பார்த்தவர் நிம்மதியாக மூச்சு விட்டார். இரண்டு காதிலும் அழுக்கு கெட்டியாக அடைத்துக் கிடந்தது. "இயர்போனைச் சொருகிச் சொருகி உள்ள தள்ளியிருக்கே. சொட்டு மருந்து தரேன். ஊறட்டும், அப்புறம் எடுத்துடலாம்."

அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. "கூப்பிட்டா திரும்பவே மாட்டா டாக்டர். திமிருன்னு நினைச்சு வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கேன்."

அடுத்த வாரம் அழுக்கை உறிஞ்சி எடுத்தபோது அவள் திடுக்கிட்டு நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்தாள். மேலே மின்விசிறியைப் பார்த்தாள். தன் சட்டையைக் கையால் தேய்த்து, அந்தச் சரசரப்பைக் கேட்டாள். சோதித்துப் பார்த்ததில் கேட்கும் திறனில் குறை ஒன்றும் இல்லை. அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்ததும், "ஏம்மா இப்படிக் கத்துற?" என்றாள்.

"உங்கிட்டப் பேசிப் பேசித்தான்டி எனக்குத் தொண்டையே இப்படி ஆச்சு!" என்று அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

அதே வகுப்பிலிருந்து இன்னும் சிலர் பெற்றோருடன் வந்தார்கள். டிரம்ஸ் வாசிக்கும் ஒரு பையனுக்குக் கேட்கும் திறனில் கொஞ்சம் போனது போனதுதான். டாக்டர் அதை அவனிடம் மறைக்கவில்லை. அவன், காதை அடைத்துக்கொண்டு வாசிக்க என்ன வாங்க வேண்டும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு போனான்.

விஷயம் மருத்துவமனையில் பரவியது. ஒரு நாள் நுரையீரல் மருத்துவர் கேன்டீனில் இவர் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"உங்க தம்பிக்கு நேரம் இருக்குமா? சிகரெட்டோட ஒரு ஹீரோ மூச்சு விடாம பக்கம் பக்கமா வசனம் பேசுவாரே, அதுல நடுநடுவுல இருமல் சேத்துத் தர முடியுமா?"

காது டாக்டர் உடனே தம்பிக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னார். அந்தப் பக்கம் அவன் சிரித்த சிரிப்பு நுரையீரல் மருத்துவருக்கும் கேட்டது.

"செஞ்சிடலாம்க்கா. இருமலை மட்டும் அந்த டாக்டரையே வந்து பதிவு பண்ணித் தரச் சொல்லு."