நீல மூடிக் குழாய்

நுண்ணோக்கியில் முதலில் அவளுக்குத் தன் இமைமயிர்தான் தெரிந்தது. லேப் டாக்டரம்மா ஏதோ ஒரு திருகைத் திருப்பினார். வெளிச்சம் குளம்போல் விரிந்தது. அதில் வெளிறிய சிவப்பு வட்டங்கள், ஒன்றையொன்று இடிக்காமல், மிதப்பதுபோல் கிடந்தன. தன் ரத்தத்துக்குள் இவ்வளவு அமைதி இருக்கும் என்று அவள் நினைத்ததில்லை.

"ஓரத்துல ஊதாவா, கொத்துக் கொத்தா இருக்குல்ல? அதுதான் பிளேட்லெட். போன வாரம் ரத்தம் எடுத்த ஊதா மூடிக் குழாய்ல, உறையாம இருக்க ஒரு மருந்து இருக்கும். சில பேர் ரத்தத்துல அது பிளேட்லெட்டை இப்படி ஒட்ட வச்சிடும். மெஷின் பாவம், ஒரு கொத்த ஒண்ணுன்னு எண்ணிட்டு, கொறஞ்சுபோச்சுன்னு கத்துது."

"அப்போ எனக்கு?"

"உங்களுக்கு ஒரு கொறையும் இல்லம்மா. காலைல வேற மருந்து இருக்கற நீல மூடிக் குழாய்ல எடுத்தோமே, அதுல எல்லாம் சரியா இருக்கு."

அவள் கண்ணை எடுக்கவில்லை. போன வாரம் இதே கட்டடத்தில்தான் சொன்னார்கள்: பிளேட்லெட் கம்மி, கத்தி வைத்தால் ரத்தம் நிற்காது, அண்ணனுக்குக் கிட்னி கொடுக்க முடியாது. அவள் எல்லோர் முன்பும் அழுதாள். அண்ணிதான் தோளைப் பிடித்துக் கொண்டு போய்த் தண்ணீர் கொடுத்தாள். அழுகை பொய்யில்லை. ஆனால் அன்றிரவு அடித்துப் போட்டாற்போல் தூங்கினாள். பல மாதங்களுக்குப் பிறகு வந்த தூக்கம். ஆழத்தில், மெத்தென்று, யாரும் கூப்பிடாத ஓர் இடம். காலையில் கண்ணாடியில் முகம் தெளிந்திருந்தது. அதை அண்ணி பார்த்துவிடக் கூடாதே என்று, கழுவினால் போய்விடும் என்பதுபோல், மறுபடி முகம் கழுவினாள்.

"இத யார்கிட்டயாவது சொல்லிட்டீங்களா, டாக்டர்?"

"இன்னும் இல்ல. ரிப்போர்ட் சாயந்திரம் கிட்னி டாக்டருக்குப் போகும்." டாக்டரம்மா நாற்காலியை அருகில் இழுத்துப்போட்டார். "ரத்தம் சரின்னுதான் எழுதுவேன். மாத்தி எழுத மாட்டேன். ஆனா கொடுக்கறது உங்க இஷ்டம். வேணாம்னா கிட்னி டாக்டர்கிட்ட தனியா சொல்லுங்க. பொருந்தலன்னு மட்டும் வீட்டுல சொல்லுவாங்க. காரணம் வெளிய போகாது."

"நான் வேணாம்னு சொல்லலியே."

"சொன்னீங்கன்னு நானும் சொல்லல."

ஊதாக் கொத்துகள் அசையாமல் இருந்தன. யாருக்கும் தெரியாது. அந்தத் தூக்கம் இன்னும் அங்கேயே இருக்கும், போய்ப் படுத்துக்கொள்ளலாம்.

டயாலிசிஸ் அறையில் திரைச்சீலை வழியே மதிய வெயில் பால்போல் வடிந்தது. இயந்திரங்கள் மெல்ல முனகின. அண்ணன் ஒரு கண்ணை மட்டும் திறந்தான்.

"மறுபடியும் குத்துனாங்களா?"

"ம்."

"உங்கிட்ட இருக்கறதே நாலு சொட்டு. அதையும் உறிஞ்சிட்டா எனக்கு யாரு டீ வாங்கித் தர்றது?"

"உனக்குத்தான் டீ கூடாதே."

"பாக்கறதுக்குடி. சும்மா பக்கத்துல வச்சுப் பாக்கறதுக்கு."

என்ன சொன்னார்கள் என்று அவன் கேட்கவில்லை. கண் தானாக மூடிக்கொண்டது. அவன் கையிலிருந்து புறப்பட்ட மெல்லிய குழாய், போர்வைமேல் வளைந்து இயந்திரத்துக்குள் போனது. உள்ளே ரத்தம் ஓடுவதே தெரியவில்லை. ஒரு சிவப்பு நூல், அவ்வளவுதான். கட்டில் ஓரத்தில் அது மடங்கிவிடுமோ என்று நகர்த்தப் போனாள். விரல் பட்டது.

கதகதப்பாக இருந்தது. உடம்புக்கு வெளியே வந்த பிறகும் அது இப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. நகர்த்தி முடித்த பிறகும் விரல் அங்கேயே இருந்தது.