மாசினா முடைந்த பாய்

சமோவாவின் இந்தக் கடலோர ஊருக்கு நான் ஒரு சுறாவின் முதுகில் ஏறி வந்தேன். இதை எல்லாரும் நம்பினார்கள். நான் பிறந்த பின்லாந்தில் குளிர்காலத்தில் கடல் கல்லாய் இறுகி, அதன் மேல் குதிரைவண்டி ஓடும் என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார்கள். அன்றிலிருந்து எனக்குப் புளுகன் என்று பேர்.

மாசினா மட்டும் சிரிக்கவில்லை. சுறாவுக்கு “பொய்” என்றாள். கடலுக்கு ஒன்றும் சொல்லவில்லை. அதற்காகவே அவளைக் கட்டிக்கொண்டேன். அதன் பிறகு ஆயுசு முழுக்க நான் புளுக வாயைத் திறந்தால் போதும், பாய் முடைந்தபடி தலை நிமிராமலே “பொய்” என்பாள். ஒரு தடவைகூடத் தப்பியதில்லை.

இப்போது வீட்டு முற்றத்தில் சிமெண்டுக்கு அடியில் இருக்கிறாள். இங்கே எல்லா வீட்டு முன்னாலும் கல்லறை இப்படித்தான். அந்த சிமெண்டின் மேல் உட்கார்ந்துதான் நான் கோகோ குடிப்பது. பக்கத்தில் ஒரு ஆள் அகலத்துக்கு வெறும் மண் கிடக்கிறது. அதில் நான் புல் முளைக்க விடுவதில்லை.

ஆனால் நிலம் அவள் குடும்பத்துடையது. வீட்டோடு வந்த மாப்பிள்ளை, பெண்டாட்டி போன பிறகு தன் சனத்திடம் திரும்புவதுதான் வழக்கம்.

போன ஞாயிறு சர்ச் விட்டு வந்து, குழி அடுப்பில் வெந்த சேம்பைப் பிட்டுக்கொண்டிருந்தோம். மாசினாவின் தம்பி சேமிசிதான் குடும்பத் தலைவன். அவள் முடைந்த பட்டுப்போன்ற பாயை மடித்து, வழியனுப்பும் சீராக என் முன்னால் வைத்தான். தலைக்கு மேல் தூக்கினால் ஏற்றுக்கொண்டேன் என்று அர்த்தம். தூக்காவிட்டால் அவனுக்கு அவமானம்.

“மச்சான், விமானத்துக்கு எல்லாம் ஏற்பாடு பண்ணியாச்சு. உன் எலும்பு உன் சனத்தோட கிடக்கட்டும்.”

“எனக்கு இங்கேயே கிடக்கணும் சேமிசி.”

வீடே சிரித்தது. அவன் பெண்டாட்டி லோசா தொடையைத் தட்டினாள். “ஊர் ஏக்கத்தை எப்படி மறைக்கிறார் பாரு, புளுகர்!”

நல்ல மனசுக்காரர்கள். அதுதான் தொல்லை. பாயைத் தொடாமல் ஆரம்பித்தேன்.

“போறேன். ஆனா குளிர்காலத்துல செத்தா ஒரு சங்கடம். அங்க மண்ணு இரும்பாயிடும், கடப்பாரை இறங்காது. அதனால செத்தவங்களை ஒரு கொட்டகையில வெச்சுப் பூட்டிடுவாங்க. குளிர் போனப்புறம்தான் குழி. எங்கப்பா வரி வசூல்காரன் பக்கத்துல கிடந்தார். உயிரோட இருந்தப்ப ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது.”

சிரிப்பு நின்றது. இந்த ஊரில் செத்தவரைக் கண நேரம்கூடத் தனியே விடமாட்டார்கள்.

“தனியாவா?” என்றாள் லோசா. “கூட உக்காந்து பாட யாருமில்லாமயா?”

“சாவி பாதிரியார்கிட்ட இருக்கும்.”

சேமிசி என்னையே பார்த்தான். “பொய்தானே மச்சான்?”

பழக்க தோஷம், மாசினா உட்கார்ந்து பாய் முடைந்த மூலையைப் பார்த்தேன். சத்தமில்லை.

“நிஜம்” என்றேன்.

“நிஜமாத்தான் இருக்கும். இவ்வளவு கொடுமையை உன்னால இட்டுக்கட்ட முடியாது.” பாயை எடுத்து அவனே பெட்டிக்குள் வைத்தான். “இது இங்கேயே இருக்கட்டும். நீ செத்தா உன்மேல சுத்தத்தான் ஆகும்.”

“அவசரமில்ல, முதல்ல சேம்பைத் தின்னுங்க” என்றாள் லோசா.

சாயங்காலம் கோகோவோடு சிமெண்டில் உட்கார்ந்தேன்.

“இடம் கிடைச்சாச்சு மாசினா. நான் நல்லாத்தான் இருக்கேன். பொழுது போறதே தெரியல” என்றேன்.

காத்திருந்தேன். கோகோ ஆறிப்போயிற்று.